ஒரு ஞாயிறு... ஒரு சதுப்பு நிலம்... ஒரு பட்டியல்! பள்ளிக்கரணையில் பறவை பார்ப்பது எப்படி?

வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், மேடவாக்கம்... இந்த ஏரியாக்களில் எங்கேயாவது உங்கள் ஆபீஸோ, காலேஜோ, ஹாஸ்டலோ இருக்கிறதா? அப்படியென்றால் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்து இறங்கியிருக்கும் ஒரு கூட்டத்தைத் தினமும் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். 200 அடி ரோட்டில் பஸ் ஜன்னல் வழியே, கோரைப் புல்லுக்கு நடுவே தெரியும் அந்தத் தண்ணீர்ப் பரப்புதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், ஏதாவது ஒரு பறவை தெரியும்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். பெரிய கேமரா வேண்டாம், பறவைகளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவும் வேண்டாம். காலையில் பள்ளிக்கரணை, மதியத்துக்குள் ஒக்கியம் மடுவு, மாலையில் முட்டுக்காடு என்று, சதுப்பு நிலத்தின் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியிலேயே நீங்களும் போகப்போகிறீர்கள். முடிவில் உங்கள் போனில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஏன் கார்த்திகை?

பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். சென்னைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தருவது இந்த வடகிழக்குப் பருவமழைதான். நவம்பர் கடைசியில், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் வானம் வெளுக்கும் பாருங்கள், அதுதான் சரியான நேரம். ஏரிகள் நிரம்பியிருக்கும், வெயில் சுடாது, தூசி இருக்காது.

பறவைகள் பக்கத்திலும் கணக்கு இதேதான். வடக்கே குளிர் இறங்கும்போது ஏரிகளும் சேறும் உறைய ஆரம்பிக்கும். புழு, பூச்சி, நீர்ச்செடி எல்லாம் பனிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒரு வாத்தைத் தெற்கே துரத்துவதில் குளிரை விடப் பசிக்குத்தான் பங்கு அதிகம். இங்கேயோ அதே நேரத்தில் மழை பெய்து சாப்பாடு தயாராக இருக்கிறது.

எல்லாப் பறவைகளும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. உள்ளான் வகைகள் ஆகஸ்ட் மாதமே வரத் தொடங்கிவிடும். வாத்துகள் அக்டோபர், நவம்பரில் பெரிய கூட்டமாக வரும். கார்த்திகையில் போனால் இரண்டு தரப்பையும் பார்க்க வாய்ப்பு உண்டு. கூடவே கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை மாதிரி நம்ம ஊர் ஆட்களும் இருப்பார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் ஒரு பைனாகுலர். நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கை லேசாக நடுங்கினாலே பறவை பார்வையை விட்டு ஓடிவிடும்.

போனில் இரண்டு ஆப்கள். ஒன்று மெர்லின். பறவையின் அளவு, நிறம், இடம் சொன்னால் அது எதுவாக இருக்கலாம் என்று காட்டும். இன்னொன்று இ-பேர்ட். பார்த்ததைப் பதிந்து வைக்க. இரண்டுமே இலவசம். வெளியே கிளம்பும் முன், வைஃபை இருக்கும்போதே இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர், தொப்பி, குடை, கொசுவிரட்டி. பளீர் வெள்ளை, சிவப்பு டி-ஷர்ட்டைத் தவிர்த்து மங்கலான பச்சை, பழுப்பு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

காலை 6.15: பள்ளிக்கரணை

நவம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் உதிப்பது 6.15 மணி வாக்கில். அதற்குள் அங்கே இருங்கள். பறக்கும் ரயிலில் வந்தால் பெருங்குடியிலோ வேளச்சேரியிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடு. உள்ளே இறங்க அனுமதி கிடையாது, ஓரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். வனத்துறையின் சூழல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. திறக்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். 200 அடி ரோட்டில் வண்டிகள் சீறிக்கொண்டு போகும், அதனால் பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். நடைமேடைக்கு வந்துவிடுங்கள்.

முதல் விதி, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

இரண்டாவது விதி, பெயரைத் தேடி அவசரப்படாதீர்கள். முதலில் காலையும் அலகையும் பாருங்கள். ஒரு பறவை எங்கே நிற்கிறது, என்ன சாப்பிடுகிறது என்பதை அந்த இரண்டும் சொல்லிவிடும். பள்ளிக்கரணையை ஒரு பெரிய மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி மேஜை.

கரையோரச் சேற்றில் குடுகுடுவென ஓடி, டக்கென நின்று, மறுபடி ஓடுகிறதே, அது உப்புக்கொத்தி. கால் குட்டை, அலகும் குட்டை. சேற்றின் மேல் தெரிகிற பூச்சியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கும். கொஞ்சம் உள்ளே, வாலை ஆட்டிக்கொண்டு நடப்பது பொறி உள்ளான். இன்னும் உள்ளே, ரோஸ் கலர் நீளக் கால்களில் நிற்பது நெடுங்கால் உள்ளான். அதற்குப் பக்கத்திலேயே நேரான நீள அலகைத் தண்ணீருக்குள் முழுசாக விட்டுத் துழாவுவது கருவால் மூக்கன். இதன் அலகு நுனியில் தொடு உணர்வு அதிகம். சேற்றுக்குள் இருக்கும் புழுவைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடும்.

மஞ்சள் மூக்கு நாரையின் டெக்னிக் வேறு. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் துழாவும். மீன் பட்டதும் படக்கென்று மூடிக்கொள்ளும். நத்தை குத்தி நாரையின் அலகை பைனாகுலரில் பாருங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி தெரியும். வழுக்கும் நத்தையைக் கையாள அது உதவுகிறது. ஆகாயத்தாமரை மேல் நடந்துபோகிற இலைக்கோழிக்கு உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீள விரல்கள். எடை பரவிவிடுவதால் இலை அமுங்காது. கோரைக்கு நடுவே ஊதா நிறத்தில், சிவப்பு அலகோடு, தண்டை ஒரு காலால் பிடித்துச் சாப்பிடுவது நீலத் தாழைக்கோழி. இந்தப் பறவையை ஒருமுறை பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்.

தமிழ்ப் பெயர்களைக் கவனித்தீர்களா? முக்குளிப்பான், வாலாட்டி, நத்தை குத்தி, ஆட்காட்டி, பாம்புத்தாரா... எல்லாம் பறவை செய்கிற வேலையை வைத்தோ, அதன் தோற்றத்தை வைத்தோ வந்தவை. தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நீந்திப் போவதைப் பார்த்தால் பாம்புத்தாராவை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

"பூநாரை எங்கே?"

முதல் தடவை வருகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. இன்ஸ்டாவில் பார்த்த அந்த ரோஸ் நிறக் கூட்டம் கண்ணில் படவில்லையே என்று ஏமாற்றம் வரலாம். காரணம் தண்ணீரின் ஆழம். பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும். உயரமான பறவைதான், ஆனாலும் அடியில் இருக்கும் சேறு அதன் அலகுக்கு எட்ட வேண்டும். மழை கொட்டிய வாரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும், அப்போது உள்ளான்களுக்கும் இடம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் ஜாலியாக இருப்பவை வாத்துகளும் நாமக்கோழிகளும்தான். தை, மாசியில் தண்ணீர் வடிய வடிய மேஜை மாறும். சேறு தெரிய ஆரம்பிக்கும், உள்ளான்களும் பூநாரைகளும் கூடும்.

அதனால் ஒரே இடத்துக்கு மாதம் ஒருமுறை போனால், ஒவ்வொரு முறையும் வேறு கூட்டத்தைப் பார்ப்பீர்கள்.

வாத்துகளில் ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் பளபளவென்று இருக்கும் ஆண் வாத்துகள் நவம்பரில் பல நேரம் பெட்டையைப் போலவே மங்கலாக இருக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இறகு உதிர்த்து எளிய உடைக்கு மாறியவை, இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது. ஆண் நீலச்சிறகியின் அந்த அழகான வெள்ளைப் புருவத்தைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். உருவத்தைப் பாருங்கள். வால் ஊசியாக நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. அலகு கரண்டி மாதிரி அகலமாக இருந்தால் தட்டைவாயன். அந்த அலகின் ஓரத்தில் சீப்பு மாதிரியான அமைப்பு இருக்கிறது, தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுவதற்காக.

திடீரென எல்லா வாத்தும் ஒரே நேரத்தில் எழும்பினால் வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும்.

காலை 10.30: தண்ணீர் எங்கே போகிறது?

வெயில் ஏறியதும் பறவைகள் ஓய்வெடுக்கும். டிபன் முடித்துவிட்டு ஓ.எம்.ஆருக்கு வாருங்கள். துரைப்பாக்கம் பக்கத்தில் சாலைக்குக் கீழே ஒரு பெரிய கால்வாய் போகிறது. ஒக்கியம் மடுவு. பாலத்தைக் கடந்த ஆயிரக்கணக்கானவர்களில் அது என்னவென்று யோசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மடிப்பாக்கம், நாராயணபுரம் என்று தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும்போது, அந்தத் தண்ணீர் வந்து சேருகிற தாழ்வான தட்டு பள்ளிக்கரணை. அங்கே பரவி, நின்று, கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கி, மிச்சம் இந்த மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து தெற்கே முட்டுக்காடு கழிமுகம் வழியாகக் கடலுக்கும் போகிறது. வெள்ளம் ஒரேயடியாக ஓடிவராமல் பிடித்து வைத்து மெதுவாக விடுகிற வேலையைச் சதுப்பு நிலம் செய்கிறது. இதைப் பழைய ஆட்கள் 'கழுவெளி' என்றார்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கழுவெளி சுமார் 50 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்தது. இன்று அதில் சிறு பகுதிதான் மிச்சம். நடுவே ரோடு போனது. ஓரங்களில் கட்டடங்கள் வந்தன. பெருங்குடி குப்பைக் கிடங்கு இந்தச் சதுப்பு நிலத்தின் மேல்தான் வளர்ந்தது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்கள் நியூஸில் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வந்தது.

இப்படி ஒரு இடத்தை எப்படி விட்டோம்? ஒரு காரணம், நிலத்துக்கு நாம் வைத்த பெயர். உழ முடியாது, வீடு கட்டவும் ஆகாது, ஆகவே 'வெற்று நிலம்'. புறம்போக்கு என்றால் எல்லோருக்கும் பொதுவான நிலம் என்றுதான் அர்த்தம். இன்று அது ஒரு திட்டு வார்த்தை. காலையில் நீங்கள் பார்த்த உப்புக்கொத்தியின் சேறும், தாழைக்கோழியின் கோரையும் அந்த 'வெற்று' நிலம்தான்.

நிலைமை கொஞ்சம் மாறியும் இருக்கிறது. 2007-ல் சதுப்பு நிலத்தின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்த குடியிருப்புவாசிகளுக்கும், விடாமல் போய்ப் பறவைகளைப் பதிந்து வைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மாலை 4 மணி: முட்டுக்காடு

மதியம் நன்றாகச் சாப்பிட்டு, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கள். பிறகு ஓ.எம்.ஆரில் கேளம்பாக்கம் போய், கோவளம் ரோட்டில் திரும்பினால் கழிமுகத்தின் குறுக்கே போவீர்கள். ஈ.சி.ஆர் வழியாகப் போனால் முட்டுக்காடு பாலம். காலையில் பார்த்த தண்ணீர் கடலைச் சந்திக்கிற இடம் இது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலப்பதால் இங்கே ஆட்களும் மாறுவார்கள்.

தண்ணீருக்கு மேலே லேசாக மிதந்து, சட்டென இறங்கி எழும் வெள்ளைப் பறவைகள் ஆலாக்கள். ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அப்படியே செங்குத்தாகத் தண்ணீரில் விழுவது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. வீட்டுப் பக்கம் கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியிலிருந்து இதன் ஸ்டைலே வேறு. அதிர்ஷ்டம் இருந்தால், கால்களை முன்னே நீட்டிக்கொண்டு பாய்ந்து பெரிய மீனைத் தூக்கிப்போகும் விராலடிப்பானைப் பார்க்கலாம். அதுவும் குளிர்கால விருந்தாளிதான்.

5.40 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் தலையைத் தூக்கியே வைத்திருங்கள். நீர்க்காகங்கள், கொக்குகள், நாரைகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக இரவு தங்குகிற மரங்களுக்குத் திரும்பும் நேரம்.

அந்தப் பட்டியல்

ஒவ்வோர் இடத்திலும் பார்க்க ஆரம்பிக்கும்போது இ-பேர்டில் 'தொடங்கு' என்று தட்டுங்கள். நேரத்தையும் நடந்த தூரத்தையும் அதுவே பதிந்துகொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, பார்த்த பறவையின் பெயரும் எண்ணிக்கையும். பெரிய கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று மதிப்பிடுங்கள். வாத்து என்று தெரிகிறது, என்ன வாத்து என்று தெரியவில்லையா? 'வாத்து இனம்' என்றே பதியலாம். ஊகித்து எழுதுவதை விட அது மேல்.

கடைசியில் ஆப் ஒரு கேள்வி கேட்கும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா? காக்கா, புறா, மைனாவையும் சேர்த்து எல்லாம் எழுதியிருந்தால் மட்டும் 'ஆமாம்' சொல்லுங்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லோரும் அபூர்வப் பறவையை மட்டும் பதிந்தால், 'இங்கே ஒருநாள் இது வந்தது' என்று மட்டும்தான் தெரியும். முழுப் பட்டியலாக இருந்தால், பட்டியலில் இல்லாததும் ஒரு தகவல். போன வருடம் பத்துப் பட்டியலில் எட்டில் இருந்த ஊசிவால் வாத்து, இந்த வருடம் பத்தில் இரண்டில்தான் இருக்கிறது என்றால், ஏதோ நடந்திருக்கிறது என்று கேட்க முடியும்.

கற்பனை இல்லை. 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படிப்பட்ட பதிவுகளை வைத்துத்தான் தயாரானது. 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள், சுமார் 3 கோடி பதிவுகள், 942 பறவை இனங்கள். வேட்டைப் பறவைகளும், வலசை வரும் கரைப்பறவைகளும், வாத்துகளும்தான் அதிகம் குறைந்திருக்கின்றன என்று அது சொல்கிறது. பின்னிரண்டும் நீங்கள் காலையில் பள்ளிக்கரணையில் பார்த்தவைதான்.

'அங்கே ஒண்ணுமில்ல சார், வெறும் சேறுதான்' என்று யாராவது நாளைக்குச் சொன்னால், தேதி, நேரம், எண்ணிக்கையோடு பதில் இருக்க வேண்டும். உங்கள் ஒருநாள் பட்டியல் தனியாகப் பெரிய ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் வருடக்கணக்கில், பல பேருடைய பட்டியல்கள் சேரும்போது 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தையைச் சொல்வது கஷ்டமாகிவிடும்.

இதெல்லாம் வேண்டாமே!

* கல்லெறிந்தோ, கைதட்டியோ பறக்கவைத்து ரீல்ஸ் எடுக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அதைத்தான் செலவழிக்கிறது.
* ட்ரோன் வேண்டாம். பறவைகளுக்கு அதுவும் ஒரு பருந்துதான்.
* போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள்.
* பிரெட், மிக்ஸர் போடாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.
* தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். பார்ப்பதற்கு நாலு கண், ரோட்டுக்கு ஒரு துணை.

சென்னையில் இல்லையா?

இதே முறை உங்கள் ஊர்க் குளத்துக்கும் பொருந்தும். கோவைக்காரர்களுக்கு சிங்காநல்லூர் குளம், நெல்லைக்காரர்களுக்கு இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளுக்குப் பெயர்பெற்ற கூந்தன்குளம், செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலும் கரிக்கிலியும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். பெயர்பெற்ற இடமே தேவையில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியும் போதும். அங்கே இதுவரை யாருமே பட்டியல் போடாமல் இருந்தால், உங்கள் பட்டியலுக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பழகிவிட்டால் அடுத்தது தயாராக இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விதி எளிது. பொங்கல் விடுமுறை நாள்களில் குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பறவைகளைப் பார்த்து, எண்ணி, இ-பேர்டில் பதிய வேண்டும். ஊருக்குப் போயிருந்தாலும் சரி, வீட்டு மாடியில் நின்றாலும் சரி. கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம்.